கப்பல் கேபினில் இலவசமாகக் கிடைப்பவை: எதை நம்பலாம், எதைத் துடைக்க வேண்டும், எதைக் கேட்டு வாங்க வேண்டும்

சொகுசுக் கப்பல் ஒரு பயணத்தை முடித்துக் கரை சேர்ந்த அன்றைக்கே அடுத்த பயணத்துக்குக் கிளம்பிவிடும். காலை ஒன்பது, ஒன்பதரைக்குள் பழையவர்கள் இறங்குவார்கள். பன்னிரண்டு மணி வாக்கில் புதியவர்கள் ஏறத் தொடங்குவார்கள். ஒன்றரை மணி சுமாருக்குக் கேபின் கதவுகள் திறந்துவிடும். அந்த மூன்று நான்கு மணி நேரத்துக்குள் ஒரு ஸ்டூவர்டு (கேபின்களைப் பார்த்துக்கொள்ளும் பணியாளர்) பத்துப் பன்னிரண்டு கேபின்களுக்கு மேல் விரிப்பு மாற்றி, குளியலறை தேய்த்து, துண்டு அடுக்கி முடித்தாக வேண்டும். அவர் வேலையில் குறை சொல்ல முடியாது, நேரம் அவ்வளவுதான்.

எனவே ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கப்பலின் சலவைக்கூடத்துக்குப் போய்வந்த பொருளை நம்பலாம்: படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு, குளியல் அங்கி. சலவைக்குப் போகாமல் கேபினிலேயே கிடக்கும் பொருளைத்தான் சந்தேகிக்க வேண்டும்: ரிமோட், கண்ணாடி டம்ளர், கெட்டில், ஷாம்பு பம்ப், அலங்காரத் தலையணை. சென்னையில் ஏறினாலும் சிங்கப்பூர் மரினா பேயில் ஏறினாலும் மயாமியில் ஏறினாலும் இதே கணக்குதான்.

முதல் இருபது நிமிடம்

உள்ளே போனதும் பெட்டியைக் கட்டிலில் வைக்காதீர்கள். துறைமுகத் தரை, டாக்சி டிக்கி, கழிவறை வாசல் எல்லாம் உருண்டு வந்த சக்கரம் அது. சில கப்பல்களில் இதற்கென்றே கட்டில்மேல் விரிக்க ஒரு ரப்பர் பாய் தருவார்கள். இல்லையென்றால் குளியலறைத் தரையில் நிறுத்துங்கள். மூட்டைப்பூச்சி பார்த்து முடிக்கும்வரை பெட்டி அங்கேயே இருக்கட்டும்.

மூட்டைப்பூச்சி பார்ப்பது இரண்டு நிமிட வேலை. தலைமாட்டில் ஒரு மூலையில் விரிப்பை உருவி, மெத்தையின் ஓரத் தையலைக் கைப்பேசி வெளிச்சத்தில் பாருங்கள். பேனா மை சிந்தியதுபோல் கருப்புப் புள்ளிகள், வைக்கோல் நிறத்தில் உரிந்த தோல், ஆப்பிள் விதை அளவில் தட்டையான பழுப்புப் பூச்சி, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் போதும். கட்டில் தலைப்பலகை சுவரோடு சேரும் இடுக்கையும், சோபா கட்டில் இருந்தால் அதன் மடிப்பையும் விடாதீர்கள். கண்டால் நசுக்க வேண்டாம். படம் எடுத்துக்கொண்டு வரவேற்பு மேசைக்கு அழைத்து வேறு கேபின் கேளுங்கள். பக்கத்துக் கேபினோ நேர் மேலே, கீழே உள்ளதோ வேண்டாம் என்று சொல்லுங்கள். பூச்சி சுவர் இடுக்கு வழியே நகரும்.

அடுத்தது துடைக்கும் வேலை. எதைக் கொண்டு துடைக்கிறோம் என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கப்பல்களில் வயிற்றுப்போக்கையும் வாந்தியையும் கூட்டமாகக் கொண்டுவருவது பெரும்பாலும் நோரோவைரஸ். அதற்குக் கொழுப்பு உறை கிடையாது. அதனால் ஆல்கஹால் அதைச் சரியாகக் கொல்வதில்லை. கைக்குப் பூசும் சானிடைசரும் சாதாரண ஈரத்தாள் வைப்ஸும் இந்த இடத்தில் கண்துடைப்பு. பொட்டலத்தில் நோரோவைரஸ் என்று பெயர் சொல்லி எழுதியிருக்கும் கிருமிநாசினி வைப்ஸாகப் பார்த்து வாங்குங்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்தவை இதில் உண்டு. எத்தனை நிமிடம் பரப்பு ஈரமாக இருக்க வேண்டும் என்றும் அதில் போட்டிருக்கும். துடைத்த கையோடு துண்டால் ஒற்றி எடுத்தால் பயனில்லை. தானாகக் காய விட வேண்டும்.

துடைக்க வேண்டியவை: கதவுக் கைப்பிடியின் உள்பக்கம், விளக்கு சுவிட்சுகள், ஏசி திருகு, ரிமோட், தொலைபேசி, பெட்டகத்தின் எண் பொத்தான்கள், அலமாரிக் கைப்பிடி, குளியலறைக் குழாய், ஃபிளஷ் பொத்தான், ஹேர் டிரையர் பிடி, பால்கனிக் கதவின் நெம்பு. ஒரு கேபினுக்கு ஐந்தாறு வைப்ஸ் போதும். ரிமோட்டில் எதையும் நேரடியாகத் தெளிக்காதீர்கள், பொத்தான் செத்துவிடும். அதைத் துடைப்பதைவிட ஒரு ஜிப் பைக்குள் போட்டுவிடுவது சுலபம். பையின் மேலிருந்தே பொத்தானை அழுத்தலாம். எல்லாம் முடிந்ததும் சோப்புப் போட்டு இருபது விநாடி கை கழுவுங்கள். சோப்பு இந்த வைரஸைக் கொல்வதில்லை, தோலிலிருந்து பெயர்த்துவிடுகிறது. ஓடும் தண்ணீர் அதை அடித்துக்கொண்டு போகிறது.

பயணம் பதிவு செய்வதற்கு முன்பே கப்பலின் சுத்தத்தைப் பார்க்க ஒரு வழி உண்டு. அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையமான சி.டி.சி. 1975 முதல் கப்பல் சுகாதாரத் திட்டம் ஒன்றை நடத்திவருகிறது. 13 பேருக்குக் குறையாமல் பயணிகளை ஏற்றிக்கொண்டு, வெளிநாட்டுத் துறைமுகத்தையும் அமெரிக்கத் துறைமுகத்தையும் தொடும் கப்பல்களில் முன்னறிவிப்பின்றி ஏறிச் சோதித்து நூற்றுக்கு மதிப்பெண் போடுவார்கள். 85-உம் அதற்குக் கீழும் தேறாத மதிப்பெண். அறிக்கைகள் இணையத்தில் எல்லோரும் படிக்கும்படி கிடக்கின்றன. இன்று ஆசியாவில் ஓடும் கப்பல் சில ஆண்டுகளுக்கு முன் அமெரிக்கக் கரையில் ஓடியிருந்தால் அதன் பழைய அறிக்கையும் கிடைக்கும். மொத்த மதிப்பெண்ணோடு நிறுத்தாமல், எந்தெந்தக் குறைக்கு மதிப்பெண் குறைத்தார்கள் என்பதையும் படியுங்கள்.

குளியலறை

முதல்முறை ஷவரைத் திறக்கும்போது சூடான தண்ணீரை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு, நீங்கள் வெளியே நின்றுகொள்ளுங்கள். குழாயில் தேங்கி 25 முதல் 45 டிகிரி வெதுவெதுப்பில் கிடக்கும் தண்ணீரில் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா வளரும். அதனால் உண்டாகும் லெஜியோனேர் நோய், குடிப்பதால் வருவதைவிட அது நுண்துளியாக மூச்சில் போவதால்தான் வரும், நுரையீரலைத் தாக்கும். வயதானவர்களும் புகைபிடிப்பவர்களும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். பால்கனியில் தனியாக வெந்நீர்த் தொட்டி வைத்த விலை உயர்ந்த கேபின் எடுத்திருந்தால், கடைசியாக எப்போது தண்ணீரை வடித்துக் கழுவினார்கள் என்று கேளுங்கள். 2022-க்கும் 2024-க்கும் இடையில் இரண்டு கப்பல்களில் லெஜியோனேர் நோய் வந்ததைச் சி.டி.சி. ஆராய்ந்தபோது கைகாட்டியது இந்தத் தொட்டிகளைத்தான்.

குழாய்த் தண்ணீர் குடிக்கத் தக்கதுதான். கடல்நீரைக் காய்ச்சி வடித்தோ எதிர்ச் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) முறையிலோ தயாரித்துக் குளோரின் சேர்க்கிறார்கள். அமெரிக்க விதிப்படி குழாய்முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையாமலும் 5-க்கு மிகாமலும் குளோரின் இருக்க வேண்டும். லேசான குளோரின் வாடை நல்ல அறிகுறி. பிடிக்கவில்லையென்றால் ஜாடியில் பிடித்து மினி ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரம் வையுங்கள், வாடை தணியும்.

இந்தத் தண்ணீர் ஊர்ப் போர்வெல் தண்ணீரைப்போல உப்புத் தண்ணீரல்ல, மென்னீர். சோப்பு நுரை அள்ளும்; எவ்வளவு ஊற்றினாலும் வழவழப்பு போகாததுபோல் இருக்கும். வழக்கமாகப் போடுவதில் பாதி போதும். சுவரில் ஆணியடித்ததுபோல் மாட்டியிருக்கும் பம்ப் குப்பிகளில் ஒன்று ஷவர் ஜெல், இன்னொன்று ஷாம்பும் கண்டிஷனரும் ஒன்றாய்க் கலந்தது. அந்தக் கலவைக்கு எண்ணெய் வைத்த தலையைச் சுத்தம் செய்யும் தெம்பு கிடையாது. நீளமுடி வைத்திருப்பவர்களுக்குச் சிக்குத்தான் மிஞ்சும். சீயக்காயோ பழகிய ஷாம்போ சாஷேயாகக் கொண்டுபோங்கள். பம்ப்பை நம்புவதா வேண்டாமா என்பதற்கு மூன்று அடையாளம்: மூடியில் பூட்டோ உடையாத முத்திரையோ இருக்கிறதா, வாய்முனையில் பிசின் கட்டியிருக்கிறதா, ஒரு அழுத்துக்கு வருவது சீரான கெட்டியா அல்லது நீர்த்த திரவமா. நீர்த்து வந்தால் யாரோ தண்ணீர் ஊற்றி மட்டத்தை உயர்த்தியிருக்கிறார்கள். தண்ணீர் கலந்த ஷாம்பில் கிருமி நாளடைவில் பெருகும். குப்பியையே மாற்றித் தரச் சொல்லுங்கள். முதல் இரண்டு அழுத்து வருவதை எப்படியும் வடிகாலில் விட்டுவிடுங்கள்.

கழிவறையில் நம்மவர்களுக்குப் பெரிய குறை, ஹெல்த் பாசெட் இல்லாததுதான். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலின் பிளாஸ்டிக் மூடியில், சூடாக்கிய கோணூசியால் நெருக்கமாக நான்கு துளை போட்டுக்கொண்டால் போதும். அமுக்கினால் பீய்ச்சும், சாய்த்தாலும் ஒழுகாது. இரண்டு மூடி தயாராகக் கொண்டுபோனால், பாட்டில் கப்பலிலேயே கிடைக்கும். அதற்குப் பதில் ஈரத்தாளைப் பயன்படுத்தினால் அதைக் கழிவறைக்குள் போடவே கூடாது. ‘கரையும்’ என்று பொட்டலத்தில் எழுதியிருந்தாலும் கூடாது. இது வீட்டுக் கழிவறைபோல் ஆறு லிட்டர் தண்ணீர் தள்ளிக்கொண்டு போவதல்ல. ஒரு லிட்டர் சுமார் தண்ணீரோடு வெற்றிட உறிஞ்சலில் குறுகிய குழாய்க்குள் இழுக்கப்படுவது. ஒரு வைப்ஸ் வளைவில் சிக்கினால் உங்களுடையது மட்டுமல்ல, அதே குழாயில் இருக்கும் வரிசைக் கேபின்கள் எல்லாமே அடைத்துக்கொள்ளும். பொத்தானை அழுத்தும் முன் மூடியைச் சாத்துங்கள். உறிஞ்சும் சத்தத்தோடு துளிகளும் தெறிக்கும். அழுத்தியும் இழுக்கவில்லையென்றால் திரும்பத் திரும்ப அழுத்தாதீர்கள். ஐந்து நிமிடம் பொறுத்து ஒருமுறை பார்த்து, பிறகு தொலைபேசியில் சொல்லுங்கள்.

துண்டு

தொங்கவிட்டால் மறுபடி பயன்படுத்துவேன், தரையில் போட்டால் மாற்றித் தா: இதுதான் கப்பல் முழுக்கப் புரியும் சைகை. துண்டு நாறுவதற்குக் காரணம் அழுக்கைவிட ஈரம். ஜன்னலில்லாத சிறு குளியலறையில் துண்டை இரண்டாக மடித்துக் கம்பியில் போட்டால் அடுத்த குளியலுக்கும் காயாது. ஒற்றையாக விரித்துத் தொங்கவிடுங்கள்; குளித்து ஆவி அடங்கியபின் குளியலறைக் கதவை ஒரு சாண் திறந்துவையுங்கள். கதவைத் திறந்துகொண்டே வெந்நீரில் குளித்தால் ஆவி அறைக்குள் பரவிப் புகை எச்சரிக்கை மணியைக் கிளப்பிவிடக்கூடும்.

இடம் போதாமைக்கு நல்ல மருந்து, காந்தக் கொக்கி. பெரும்பாலான கப்பல்களில் கேபின் சுவர் இரும்புத் தகடு. நான்கு காந்தக் கொக்கி கொண்டுபோனால் ஏசி காற்று படும் இடத்தில் துண்டு, ஈர நீச்சலுடை எல்லாவற்றையும் பிரித்து மாட்டலாம். பால்கனிக் கம்பியில் மட்டும் காயப்போடாதீர்கள். காற்று அள்ளிக்கொண்டு போய்விடும், கப்பல்காரர்களும் அனுமதிப்பதில்லை.

நீச்சல்குளத் துண்டு தனிக்கணக்கு. பல கப்பல்களில் உங்கள் கேபின் அட்டையைத் தேய்த்துத்தான் தருவார்கள்; திருப்பித் தராவிட்டால் ஒரு துண்டுக்கு இருபது, இருபத்தைந்து டாலர் கணக்கில் ஏறும். குளத்தருகே கிடக்கும் நாற்காலியில் விரிக்கவும் மேலைத் துடைக்கவும் ஒரே துண்டைப் பயன்படுத்தாமல் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். முகத்துக்குக் கேபினில் உள்ள சிறு துண்டு.

படுக்கை

கட்டிலின் கால்மாட்டில் குறுக்கே ஓடும் அலங்காரத் துணியையும் வண்ணத் தலையணைகளையும் முதலிலேயே சுருட்டி அலமாரி மேல்தட்டில் போட்டுவிடுங்கள். ஒவ்வொரு பயணத்துக்கும் வெளுக்கப்படுபவை வெள்ளை விரிப்பும் உறைகளும்தான். இந்த அலங்காரத் துணியின்மேல்தான் ஆட்கள் செருப்புக் காலை நீட்டுகிறார்கள், பெட்டியைத் திறக்கிறார்கள்.

‘இரட்டைப் படுக்கை’ என்பது பெரும்பாலும் இரண்டு ஒற்றைக் கட்டில்களைச் சேர்த்துப் போட்டதுதான். நடுவில் பள்ளம் விழும். முதல்நாளே ஸ்டூவர்டிடம் சொன்னால் நடுவில் பஞ்சுப் பட்டை வைத்தோ, மெத்தைமேல் முழு அகலத்துக்கு மெத்தென்ற விரிப்புப் போட்டோ சரிசெய்வார். இந்த மேல்மெத்தை, மடக்கு சோபாவில் படுக்கும் பிள்ளைகளுக்கும் மேலிருந்து இறங்கும் தொங்கு கட்டிலுக்கும் ரொம்ப அவசியம். அவற்றின் மெத்தை அவ்வளவு மெலிசு. இருப்பு குறைவாகத்தான் இருக்கும், ஏறிய அன்று மாலைக்குள் கேட்டவர்களுக்குத்தான் கிடைக்கும். இறகுத் தலையணை ஒத்துக்கொள்ளாதவர்கள் பதிவு செய்யும்போதே குறிப்பு எழுதிவிடுங்கள். இறகுப் போர்வையையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள், தலையணையை மட்டும் மாற்றிவிட்டுப் போவது சகஜம். தலையில் எண்ணெய் வைத்துத் தூங்குபவர்கள் உறைமேல் ஒரு கைத்துண்டை விரித்துக்கொள்வது மரியாதை. கறை மட்டுமல்ல, மறுநாள் சிக்கு வாடையும் வராது.

பால்கனிக் கதவைத் திறந்துவைத்துத் தூங்க ஆசைப்படாதீர்கள். பல கப்பல்களில் அந்தக் கதவு திறந்ததும் ஏசி நின்றுவிடும். கடற்காற்றின் ஈரம் உள்ளே குளிர்ந்த சுவரில் பட்டு வியர்க்கும், விரிப்பு ஈரப்பதத்தில் பிசுபிசுக்கும், இரண்டு நாளில் கம்பளத்தில் பூஞ்சை வாடை.

அங்கி, செருப்பு

குளியல் அங்கி பெரிய கேபின்களில் தானாக வரும். மற்றவற்றில் பல கப்பல்கள் கேட்டால் தரும். நாடாவைக் கட்டி மடித்துவைத்திருந்தால் சலவையிலிருந்து வந்தது. கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தால் கழுத்துப் பட்டையின் உள்பக்கத்தையும் பைகளையும் பாருங்கள். மேக்கப் கறையும் கசங்கிய டிஷ்யூவும் அங்கேதான் மாட்டும். அங்கி கப்பலின் சொத்து, எடுத்துக்கொண்டு போனால் பில் வரும். காகிதப் பட்டை சுற்றிய அல்லது பாலித்தீனில் வந்த செருப்பு உங்களுக்கே. பட்டை இல்லாத செருப்பைக் காலில் மாட்டாதீர்கள். புதிதாக இருந்தாலும் துணிச்செருப்போடு ஈரக் குளியலறைக்குள் போகக் கூடாது. அடிப்பாகம் வழுக்கும், ஊறிய பஞ்சு காயவும் காயாது. குளியலறைக்கு ரப்பர் செருப்பைக் கையோடு கொண்டுபோங்கள். சேற்றுப்புண் வாகுள்ளவர்கள் கம்பளத்திலும் வெறுங்காலோடு நடக்க வேண்டாம்.

டம்ளர், ஐஸ், கெட்டில், ஃப்ரிட்ஜ்

கேபின் டம்ளரை விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள். விளிம்பில் உதட்டுத் தடமோ உள்ளே துணி இழையோ தெரிந்தால், பாத்திர எந்திரத்துக்குப் போகாமல் இங்கேயே துடைத்து வைத்தது என்று அர்த்தம். வேறு கேட்டால் கொண்டுவருவார்கள். ஐஸ் வாளிக்குள் பாலித்தீன் உறை போட்டுத் தரச் சொல்லுங்கள். கரண்டி இல்லாமல் டம்ளராலேயே ஐஸை அள்ளாதீர்கள், கையும் படும், கண்ணாடி சில்லும் விழும். உணவுக்கூடத் தண்ணீர்க் குழாயின் வாயில் உங்கள் பாட்டில் வாயை ஒட்டவைத்துப் பிடிப்பது அடுத்தவருக்குச் செய்யும் கெடுதல். டம்ளரில் பிடித்துப் பாட்டிலில் ஊற்றுங்கள்.

கெட்டில் எல்லாக் கப்பலிலும் இருக்காது. பிரிட்டிஷ் நிறுவனங்களான பி அண்ட் ஓ, குனார்ட் கப்பல்களில் உண்டு. அமெரிக்கப் பயணிகளுக்கான கப்பல்களில் பொதுவாக இல்லை. இருந்தால் மூடியைத் திறந்து மோந்து பாருங்கள். நூடுல்ஸ் வேகவைத்த வாடை வந்தால் வேறு கேளுங்கள். இல்லையென்றாலும் ஒருமுறை நிறையக் கொதிக்கவைத்துக் கொட்டிவிட்டு அடுத்த தண்ணீரைக் குடியுங்கள். கெட்டில் இல்லையே என்று வீட்டிலிருந்து கெட்டில், தண்ணீர் சூடாக்கும் கம்பி, குட்டி ரைஸ் குக்கர், இஸ்திரிப் பெட்டி எதையும் கொண்டுவராதீர்கள். தீ ஆபத்து என்று ஏறும்போதே ஸ்கேனரில் பிடித்து வைத்துக்கொண்டு, இறங்கும் நாளில்தான் தருவார்கள். சர்ஜ் பாதுகாப்புள்ள (திடீர் மின்னழுத்த ஏற்றத்தைத் தடுக்கும்) எக்ஸ்டென்ஷன் பெட்டியும் அந்தப் பட்டியலில் சேரும். கப்பலின் மின்னமைப்பு வீட்டிலுள்ளதுபோல் பூமியோடு இணைந்ததல்ல, அந்தப் பாதுகாப்புச் சுற்றே சூடேறித் தீப்பிடிக்கலாம்.

மினி ஃப்ரிட்ஜ் பெயரளவுக்குத்தான் ஃப்ரிட்ஜ். பல கேபின்களில் இருப்பது பானத்தைச் சில்லென்று வைக்கும் பெட்டி. பிரிக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும். சின்ன வெப்பமானி ஒன்றை இரவு முழுக்க உள்ளே வைத்துப் பாருங்கள். எட்டைத் தாண்டினால் மருந்துக்கான ஃப்ரிட்ஜைக் கேட்டு வாங்குங்கள். பயணத்துக்கு முன்பே எழுதிக் கேட்பது இன்னும் நல்லது. இன்சுலின் ஊசி போடுகிறவர்கள் ஊசிகளைப் போடும் கெட்டி டப்பாவையும் கேளுங்கள், காசு கிடையாது. குப்பைக்கூடையில் போட்ட ஊசி ஸ்டூவர்டின் கையைத்தான் குத்தும்.

ஹேர் டிரையர் பெரும்பாலும் மேசை இழுப்பறையில் இருக்கும். பாதியில் நின்றுவிட்டால் கெட்டுப்போனதாக நினைக்க வேண்டாம். பின்பக்க வலையில் முடியும் பஞ்சும் அடைத்துச் சூடேறித் தானாக அணைந்திருக்கும். பிளக்கைப் பிடுங்கி, வலையைச் சீப்பால் சுரண்டிவிட்டுப் பத்து நிமிடம் ஆறவிடுங்கள்.

யாருக்காவது வாந்தி எடுத்தால்

குமட்டல் பை லிஃப்ட் அருகிலும் வரவேற்பு மேசையிலும் இலவசமாகக் கிடைக்கும். கடல் ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே இரண்டு எடுத்துக் கட்டிலோரம் வையுங்கள். கம்பளத்திலோ விரிப்பிலோ வாந்தி பட்டுவிட்டால் கேபின் துண்டால் நீங்களே துடைத்து மறைக்காதீர்கள். அழைத்தால் அதற்கென்ற மருந்தோடும் கையுறையோடும் வருவார்கள். வயிற்றுப்போக்கும் சேர்ந்தால் மருத்துவப் பிரிவிடம் சொல்லியே ஆக வேண்டும். கேபினுக்குள் அடைத்துவிடுவார்களே என்று மறைப்பவர்கள்தான் கூடச் சாப்பிட வந்த குடும்பத்துக்கும் கொடுத்துவிடுகிறார்கள். நோரோவைரஸ் உடம்பில் புகுந்து 12 முதல் 48 மணி நேரத்தில் வேலையைக் காட்டும். நின்றபிறகும் குறைந்தது ஒருநாள் கேபினில் இருக்கச் சொல்வார்கள். அந்த நாட்களில் உணவு கேபினுக்கே வரும். நோயாளி தொட்ட துண்டை மற்றவர் தொடாமல் தனிப் பையில் போட்டு, பையின்மேல் எழுதி ஸ்டூவர்டிடம் கொடுங்கள்.

கடைசி இரவு

குளத் துண்டுகளைத் திருப்பிக் கொடுத்துக் கணக்கில் கழிந்ததா என்று பாருங்கள். அங்கிகளை எண்ணிக் கொக்கியில் மாட்டுங்கள். காந்தக் கொக்கிகளை மறந்துவிட்டு வருபவர்கள் அதிகம், கதவின் பின்பக்கத்தையும் பாருங்கள். அழுக்குத் துணியைச் சலவைப் பையில் கட்டி, வீட்டுக்குப் போனதும் பையோடு நேராக வெந்நீர்த் துவைப்பில் போடுங்கள். பெட்டியைப் படுக்கையறைக்குக் கொண்டுபோகாமல் மொட்டைமாடியில் திறந்து, தையல் ஓரங்களைத் தூசி உறிஞ்சியால் இழுத்துவிட்டு, அதன்பிறகு உள்ளே எடுங்கள்.